கேப்பா, அடைப்பா: ஒரு கடைவாய்ப் பல்லின் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025

வலது கீழ் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், அதாவது நரம்பை எடுத்துவிட்டு வேரை அடைக்கும் சிகிச்சை, இன்றோடு முடிந்தது. மூன்று தடவை போய் வந்தேன். எக்ஸ்ரேயில் மூன்று வெள்ளைக் கோடுகள் வேர் நுனி வரை இறங்குகின்றன. மேலே தற்காலிக அடைப்புதான். "இது ரெண்டு மூணு வாரம் தாங்கும். அதுக்கு மேல எச்சில் உள்ள கசிஞ்சா செஞ்ச வேலையெல்லாம் வீணாயிரும். பல்ல முழுக்க மூடுற கேப்பா, வெறும் அடைப்பான்னு அடுத்த தடவை முடிவு பண்ணிருவோம். அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாதீங்க" என்றார் டாக்டர்.

வலி சுத்தமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 5

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019இல் இடது பக்கத்துப் பல்லுக்கும் இதே சிகிச்சை செய்தேன். கேப் போடச் சொல்லியிருந்தார்கள். வலி போய்விட்டது, வீட்டில் தங்கச்சி கல்யாணச் செலவு வேறு. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கைக் கடித்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம். நாக்கால் தடவினால் உள்பக்கச் சுவர் தனியாக ஆடியது. விரிசல் வேருக்குள் இறங்கிவிட்டது, எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆறு வயதில் முளைத்த பல். இப்போது அதற்கு நேர் மேலே இருக்கும் பல், காலி இடத்தைப் பார்த்துக் கீழே இறங்கியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தாலே தெரியும்.

மார்ச் 8

நரம்பு எடுத்த பல் காய்ந்த சுள்ளி மாதிரி ஆகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து படித்ததில் விஷயம் வேறாக இருக்கிறது. 1989இல் வந்த ஓர் ஆய்வில், ரூட் கெனாலுக்காக நடுவில் போடும் துளையால், பல் வளையாமல் நிற்கும் உறுதி 5 சதவீதம்தான் குறைந்தது. முன்விளிம்பும் பின்விளிம்பும் சேர்ந்து போகும்படி குடைந்தபோது 63 சதவீதம் குறைந்தது. ஓலைப் பெட்டியில் வாய்க்கட்டு அறுந்தால் பெட்டி விரிந்து போகுமே, அப்படி. ஆக, எவ்வளவு சுவர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

2002இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துப் பழைய பதிவேடுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், ரூட் கெனால் செய்து கேப் போடாத பற்கள் 6 மடங்கு வேகத்தில் பறிபோயின என்று எழுதினார்கள். ஆனால் நல்ல நிலையில் இருந்த பல்லுக்குத்தான் கேப் போட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு தேடியபோது, கேப்பையும் அடைப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. 117 பேர், 3 ஆண்டு, அதுவும் சிறிய முன்கடைவாய்ப் பற்கள். என் பெரிய பல்லுக்கு அதை அப்படியே பொருத்த மனம் வரவில்லை.

மார்ச் 11

டாக்டர் தற்காலிக அடைப்பை எடுத்துவிட்டு, சின்னக் கண்ணாடியை வைத்துக் காட்டினார். கன்னப் பக்கச் சுவர் நன்றாக இருக்கிறது. நாக்குப் பக்கம் மெல்லிசு. பின்விளிம்பு சொத்தையோடு போயே போய்விட்டது. ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது பல் இருந்தால்தான் கேப் பிடித்து நிற்குமாம், எனக்கு இருக்கிறது. கேப்தான் என்று சொல்லிவிட்டேன். அங்கேயே உள்ளே கெட்டியாக நிரப்பிவிட்டார்.

எந்தக் கேப் என்பதில்தான் நேரம் போனது. மெட்டல் 3,000 ரூபாய், மெட்டல் மேல் செராமிக் 5,000, மெட்டலே இல்லாத வெள்ளைச் செராமிக் வகையான ஜிர்கோனியா 9,500. கடைசிப் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள்? மெட்டல் உடையாது, பல்லையும் குறைவாகத்தான் இழைக்க வேண்டும். அதையே போடச் சொல்ல வாயெடுத்தபோது, "கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகுமா?" என்று கேட்டார். ஆகும், சின்ன வயதிலிருந்தே. அது நிக்கலால் வருவது, இந்த மெட்டல் கேப்பிலும் நிக்கல் இருக்கும் என்றார். ஜிர்கோனியாவுக்குப் பணம் கட்டினேன். மாதச் சீட்டுப் பணம் அதில் போனது. வருத்தமில்லை.

மார்ச் 15

பல்லை இழைத்தார்கள். நரம்பில்லாத பல்தான், ஆனாலும் ஈறுக்காக ஊசி போட்டார்கள். பிறகு மாவு மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி அளவெடுத்தார்கள். குமட்டியது. மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொன்ன பிறகு அடங்கியது. ஒரு பிளாஸ்டிக் கேப்பைத் தற்காலிகமாக ஒட்டியிருக்கிறார்கள். பல்லிடுக்கு நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவச் சொன்னார்கள்.

மார்ச் 22

கேப் வந்துவிட்டது. ஒட்டுவதற்கு முன் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, புள்ளி விழுந்த இடத்தை இழைத்து, மறுபடி கடிக்கச் சொல்லி, இப்படி நாலு தடவை. "உயரமா இருக்கா?" என்று கேட்டபோது முதலில் 'பரவாயில்லை' என்றுதான் வாயில் வந்தது. அப்படிச் சொல்லாமல், ஒரு மயிரிழை இடிக்கிறது என்றேன். இழைத்தார். இப்போது பொருந்துகிறது. கேப்பும் பல்லும் சேரும் விளிம்பில் புதிதாகச் சொத்தை வரலாம், அங்கே ராத்திரி கட்டாயம் தேய்க்க வேண்டும் என்றார்.

மார்ச் 29

தங்கச்சியை நானே கூட்டிப் போனேன். போன மாதம் வேறு ஊரில் ரூட் கெனால் முடித்துவிட்டு, தற்காலிக அடைப்போடு சுற்றிக்கொண்டிருந்தாள். "ஏக்கா, எனக்கும் பத்தாயிரமா?" என்று வழியெல்லாம் கேட்டாள். டாக்டர் பார்த்தார். நடுவில் மட்டும் துளை, முன்விளிம்பும் பின்விளிம்பும் முழுசாக இருக்கின்றன, விரிசல் இல்லை. பல் நிறத்திலேயே அடைப்பு போட்டு, ஆறு மாதத்தில் வந்து காட்டச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. செப்டம்பர் 29 என்று அவள் போனில் நானே குறித்து வைத்தேன்.