நாலு வருசத்துக்குக் கடதாசி இல்லை

என் கணவரின் புற்றுநோய் வேலையால் வந்தது என்று நட்டஈடு கேட்டதற்கு முடிவுக் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. இன்னும் அதை ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். "கோப்புக்குள்ள வை, எண்ணெய் பட்டிடும்" என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோப்பைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும். பதின்மூன்று மாதம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான்தான்.

இவர் ஒன்ராறியோவில் ஒரு நகரசபையில் முழுநேரத் தீயணைப்பு வீரர். 2024 மாசியில் சிறுநீரோடு இரத்தம் போனது. கமரா விட்டுப் பார்த்து, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்றார்கள். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு, கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு கிழமை பி.சி.ஜி. மருந்து. ஊரில் பிறந்த எங்கள் எல்லாருக்கும் கையில் ஒரு வடு இருக்குமே, அந்தக் காசநோய்த் தடுப்பூசியில் இருக்கிற அதே கிருமிதான். அதைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, இரண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருக்கச் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு, ஒவ்வொரு தடவை போனதும் கக்கூசுக்குள் பிளீச் ஊற்றி விடவேண்டும். வீடு முழுக்க அந்த மணம். அந்த மணத்துக்குள் இருந்துதான், வேலையால் வரும் காயத்துக்கும் நோய்க்கும் நட்டஈடு கொடுக்கிற மாகாணக் காப்புறுதி அமைப்பான WSIBக்குப் படிவங்களை நிரப்பத் தொடங்கினேன்.

வைத்தியசாலையில் மூன்று பேர் மூன்று தடவை "புகைப்பீர்களா?" என்று கேட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022இலேயே தீயணைப்பு வேலையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. போதுமான சான்று இருக்கிறது என்று அது சொன்ன இரண்டு புற்றுநோய்களில் ஒன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய். இதை எனக்குச் சொன்னது வைத்தியர் இல்லை. தீயணைப்பு வீரர் சங்கத்தில் இந்த அலுவல்களைப் பார்க்கிற ஓய்வுபெற்ற கப்டன் ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒன்ராறியோவில் 2007இல் வந்த 253/07 என்கிற ஒழுங்குவிதி இருக்கிறது. அதில் உள்ள புற்றுநோய்களில் ஒன்று தீயணைப்பு வீரருக்கு வந்தால், வேலையால்தான் வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று சொல்கிறவர்தான் அதைக் காட்டவேண்டும். சும்மா கிடைத்த விதி இல்லை. 1997இல் ஹமில்ரனில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலை நாலு நாள் எரிந்தது. அந்த நெருப்புக்குப் போன பொப் ஷோ என்ற கப்டன் 2004இல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவரைப் போன்றவர்களின் குடும்பங்களும் சங்கமும் சில சட்டசபை உறுப்பினர்களும் விடாமல் நின்றதால் வந்தது. மனிற்றோபா மாகாணத்தில் இப்படியான விதி 2002இலேயே வந்துவிட்டது. ஒன்ராறியோவில் பட்டியல் இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. தைரொயிட்டும் கணையமும் 2023இல்தான் சேர்ந்தன.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் காணாது. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் இத்தனை வருடச் சேவை என்று ஒரு கணக்கு இருக்கிறது. மூளைக்கு 10. சிறுநீர்ப்பைக்கு 15. நாங்கள் விழுந்தது இங்கேதான்.

படிவம் 6 தொழிலாளி நிரப்புவது, 7 வேலை கொடுத்தவர், 8 வைத்தியர். மூன்றும் பிரச்சினை இல்லாமல் போனது. நகரசபை தன் படிவத்தில் இவர் சேர்ந்த திகதியைச் சரியாகத்தான் எழுதியிருந்தது: 2010 புரட்டாதி. நோய் கண்டது 2024 மாசி. கூட்டிப் பாருங்கள், பதின்மூன்று வருடமும் ஐந்து மாதமும். ஆடியில் மறுப்புக் கடிதம் வந்தது. ஒரே பக்கம்.

ஆனால் இவர் அதற்கு முதல் நாலு வருடத்துக்கு மேல் தொண்டர் தீயணைப்பு வீரராக இருந்தவர். 2005இல் நாங்கள் ரொறன்ரோவை விட்டு இரண்டு மணித்தியாலம் தள்ளி, இவர் வேலை செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அந்த ஊரில் தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். பேஜர் அடித்தால் இவர் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். தொண்டர்களுக்கு நிலையத்தில் உடுப்புக் கழுவ வசதி இல்லை. கறுத்த ஜக்கெற்றும் காற்சட்டையும் காரின் பின்பெட்டிக்குள்தான் கிடக்கும். அதற்கு முன் சீற்றில் பிள்ளையின் இருக்கை. கார்க் கதவைத் திறந்தால் ரப்பர் எரிந்த மணமும் பழைய சாம்பல் மணமும் முகத்தில் அடிக்கும். நான் அதை இவரின் வீர மணம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

தொண்டர் சேவையும் அந்த 15க்குள் சேரும். வேறு வேறு ஊர்களில் செய்ததும் சேரும், இடையில் விட்டுத் தொடர்ந்ததும் சேரும். எங்களுக்கு அது தெரியாது. படிவம் 6இல் அதை எழுதாமல் விட்டது நாங்கள்தான். யாரையும் குறை சொல்ல ஏலாது. ஒரு அழைப்புக்கு இத்தனை டொலர் என்று கையில் கிடைத்த காசு, அதை வேலை என்று நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. நீங்கள் இதை வாசிக்கிற தீயணைப்புக் குடும்பமாக இருந்தால், இந்த ஒரு பந்தியையாவது மறக்காதீர்கள்.

மறுப்புக்கு ஆட்சேபம் தெரிவிக்க ஆறு மாதம் தவணை. ஆறு மாதம் நிறையத்தானே என்று நினைத்தேன். அந்தச் சின்ன ஊரின் சபைக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். எடுத்த பெண் நல்ல குரலில், "விலகி ஏழு வருசத்துக்குப் பிறகு தொண்டர்களின்ர கோப்பை அழிச்சிடுவம்" என்றார். பழைய தீயணைப்பு நிலையத்தை இடித்துப் புதிது கட்டியபோது பெட்டிகள் எங்கே போனதென்று தெரியாது என்று கூடவே ஒரு துணுக்கு. எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். தகவல் உரிமை விண்ணப்பம் போடச் சொன்னார். ஐந்து டொலர், 30 நாள். போட்டேன். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது: "கேட்ட பதிவுகள் எங்களிடம் இல்லை."

நேரில் போனால் ஏதாவது அசையும் என்று எனக்கு ஒரு மூட நம்பிக்கை. கார்த்திகை கடைசி, ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, பனிக்குள் இரண்டேகால் மணித்தியாலம் ஓடினேன். பதிவுகள் பார்க்கிறவர் வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லையாம். போனில் கதைத்த அதே பெண்தான் முன்மேசையில் இருந்தார். முதல் நாள் நான் வருகிறேன் என்று சொன்னதும் அவரிடம்தான். "நீங்கள் அவரைப் பாக்க வாறியள் எண்டு சொல்லேல்லையே" என்றார். சுவரில் 2007ஆம் ஆண்டுத் தொண்டர்கள் வரிசையாக நிற்கிற ஒரு படம். இரண்டாவது வரிசையில் இவர், மீசையோடு. அதைக் காட்டினேன். "ஓ, இவரா! நல்ல மனுசன்" என்றார். அந்தப் படத்தையாவது உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தாருங்கள் என்றால், தனக்கு அதிகாரம் இல்லையாம். காருக்குள் வந்திருந்து அழுதேன். பிறகு ரிம்ஸில் ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த இரவுதான் ஓய்வுபெற்ற கப்டனுக்குப் போன் எடுத்தேன். ஆடியிலேயே எடுத்திருக்கவேண்டும். சங்கத்துக்கு இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள். நாங்கள்தான் 'ஏன் ஆக்களைக் கரைச்சல்படுத்துவான்' என்று இருந்துவிட்டோம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தொண்டர்களை ஆர் நியமிக்கிறது?"

சின்ன ஊர்களில் சபைக் கூட்டத்தில்தான் நியமிப்பார்கள். ஆட்களின் கோப்பை அழிக்கலாம். சபைக் கூட்ட அறிக்கையை அழிக்கமாட்டார்கள், அது நிரந்தரப் பதிவு. நான் கேட்டது 'இவருடைய சேவைக் கோப்பு'. அது இல்லை என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை. கேட்கவேண்டியது '2005ஆம் ஆண்டுக் கூட்ட அறிக்கை'. கேட்கிற பொருளின் பெயரை மாற்றினால் போதும் என்று ஒருவரும் அந்தக் கந்தோரில் சொல்லித்தரவில்லை, நானாகவும் யோசிக்கவில்லை.

இரண்டாம் பயணம் ஒரு செவ்வாய்க்கிழமை. கந்தோருக்கே போகவில்லை. ஊர் நூலகத்தில் பழைய அறிக்கைகள் கட்டிக் கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். நூலகப் பெண் என் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நீளமான மேசை ஒன்றைக் காலியாக்கித் தந்தார். வீதி விளக்கு, நாய் அனுமதிப் பத்திரம், பனி அள்ளும் ஒப்பந்தம் என்று புரட்டிப் புரட்டி ஒன்றரை மணித்தியாலம். 2005 சித்திரைக் கூட்டம், ஒன்பதாவது தீர்மானம்: பின்வருவோர் தொண்டர் தீயணைப்பு வீரர்களாக நியமிக்கப்படுகிறார்கள். ஐந்து பெயர். கடைசிப் பெயர் இவருடையது. 2009 ஐப்பசியில் விலகல் கடிதத்தை ஏற்ற தீர்மானமும் கிடைத்தது, நன்றியோடு. நாலு பக்கம், பக்கத்துக்கு 25 சதம், ஒரு டொலர்.

சந்தோசம் வீட்டு வாசல் வரைக்கும்தான். இவர்தான் பார்த்துவிட்டுச் சொன்னார், பெயர் பிழை என்று. எங்கள் பெயர்களின் தலைவிதி தெரியும்தானே. தகப்பன் பெயர் முன்னுக்கு, இவர் பெயர் பின்னுக்கு, இடையில் இரண்டு எழுத்தைக் காணவில்லை. குடியுரிமைப் பத்திரத்தில் ஒரு மாதிரி, சம்பளப் பற்றுச்சீட்டில் ஒரு மாதிரி, இதில் மூன்றாவது மாதிரி. இரண்டு பேரும் ஒருவர்தான் என்று சத்தியக் கடதாசி வேண்டும் என்றார் கப்டன். தவணை முடிய மூன்று கிழமை. நடுவில் நத்தார் விடுமுறை.

எங்கள் தொகுதிச் சட்டசபை உறுப்பினரின் கந்தோருக்குப் போனேன். நான் வாக்குப் போட்ட கட்சி இல்லை. போகிற வழி முழுக்க அதுவே யோசனை. முன்மேசையில் ஒரு தமிழ்த் தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும். "அன்ரி, முடிவை மாத்தித் தாங்கோ எண்டு எங்களால கேக்க ஏலாது. ஆனா ஃபைல் எங்க நிக்குது எண்டு கேப்பம், சத்தியக் கடதாசியை இங்கயே முடிக்கலாம்" என்றான். சட்டசபை உறுப்பினர்களே சத்தியக் கடதாசியில் சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாளில் உறுப்பினர் வந்து, இவரைச் சத்தியம் செய்யச் சொல்லி, கையெழுத்துப் போட்டார். ஒரு சதம் வாங்கவில்லை. போகும்போது மட்டும், தன் மாமாவும் தீயணைப்பில் இருந்தவர் என்றார். அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. சம்மதப் படிவத்தில் இவர்தான் கையெழுத்துப் போடவேண்டும், மனைவி போட ஏலாது. அதற்காக இவரை இரண்டாம் தடவை கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் முதல் தடவையே கூட்டிக்கொண்டு போங்கள்.

கப்டன் இன்னும் இரண்டு விசயம் சேர்க்கச் சொன்னார். ஒன்று, கிரேவன்ஹேர்ஸ்ற் தீயணைப்புக் கல்லூரியில் இவர் 2006இல் எடுத்த பயிற்சிச் சான்றிதழ், அதில் அந்த ஊரின் பெயர் இருக்கிறது. அந்தக் கல்லூரியை 2021இல் மூடிவிட்டார்கள். நிலக்கீழ் அறையில் பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளோடு அது கிடந்தது எங்கள் அதிர்ஷ்டம். மற்றது திசு ஆய்வு அறிக்கை. நாங்கள் முதலில் அனுப்பியது வைத்தியசாலை விட்டபோது தந்த சுருக்கம். புற்றுநோய் சிறுநீர்ப்பையிலேயே தொடங்கியது, வேறெங்கிருந்தும் பரவி வரவில்லை என்பது அதில் தெளிவாக இல்லை. திசு ஆய்வு அறிக்கையைத் தனியாகக் கேட்டு எடுக்கவேண்டும்.

தவணைக்கு ஐந்து நாள் இருக்க எல்லாம் போனது. பிறகு காத்திருப்பு. தை கடைசியில் WSIBஇல் இருந்து ஒரு போன்: கல்யாணத்துக்கு முதல் புகைத்தவரா என்று. ஒரு வருடம் போல் என்று உள்ளதைச் சொன்னோம். வைத்த பிறகு அந்த ஒரு வருடத்துக்காக இரண்டு பேரும் ஒரு கிழமை முகம் பார்த்துக் கதைக்கவில்லை. பங்குனி 11 கடிதம் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. வேலைக்குப் போகாத மாதங்களுக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் 85 வீதம், நிரந்தரப் பாதிப்புக்கு மதிப்பீடு பிறகு.

போன ஞாயிறு இவர் அந்த ஊரில் தன்னோடு நின்ற மற்ற நாலு பேரின் பெயரையும் அறிக்கையில் இருந்து ஒரு துண்டில் எழுதினார். இரண்டு பேரின் போன் நம்பர் கிடைத்தது. ஒருவருக்கு எடுத்தார், பெண்சாதிதான் எடுத்தார். இவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த நூலகத்தின்ர நம்பரைத் தா" என்றார்.