உல்ஸ்தார்ப் கல்வீடு: ஜன்னல்களைப் பார்த்த மூன்று நாட்கள்

மே 11, 2024

கிராந்தம் நகருக்குத் தெற்கே உல்ஸ்தார்ப் கிராமத்தில் இருக்கும் இந்தப் பண்ணைவீட்டுக்கு, ஐசக் நியூட்டன் பிறந்த இடம் என்பதற்காகவே எல்லோரும் வருகிறார்கள். எனக்கோ முன்சுவரை விட்டு நகர மனம் வரவில்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லிங்கன்ஷயர் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பப்பட்ட வீடு இது. ஜன்னல்களை நெடுக்குவாட்டில் பிரிக்கும் கல்தண்டுகள் அலங்காரத்துக்காக வைத்தவைபோலத் தோன்றினாலும், மேலே கிடத்திய கல் அகலமான இடைவெளியில் தன் சுமையாலேயே விரிசல் விட்டுவிடும் என்பதால், அதற்கு முட்டுக் கொடுப்பவை அவைதாம். பெரிய கண்ணாடிப் பலகைகள் எளிதில் கிடைக்காத அக்காலத்தில், சிறு துண்டுகளை ஈயப்பட்டைகளில் கோத்தே ஜன்னல்களை அடைத்தார்கள். இப்படிப்பட்ட வீட்டில் வெளிச்சம் சிக்கனமாகத்தான் உள்ளே வரும்.

மே 12

மாடி அறையில் நெடுநேரம் நின்றேன். 1665இல் கொள்ளைநோய்க்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டதும் நியூட்டன் இங்குதான் திரும்பினார். அறையை இருட்டாக்கி, ஜன்னல் கதவில் சிறு துளையிட்டு, உள்ளே நுழைந்த ஒளிக்கற்றையை முப்பட்டகத்தின் வழியே செலுத்தியதாகவும், 22 அடி தள்ளியிருந்த சுவரில் நிறமாலை விழுந்ததாகவும் 1672இல் எழுதினார். அந்த ஆய்வில் எந்தப் பகுதி இங்கே நடந்தது, எது கேம்பிரிட்ஜில் நடந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஆனால் தடித்த கல்சுவரும் மரக்கதவும் கொண்ட அறையை இருட்டாக்குவது எவ்வளவு எளிது என்பதை இங்கே நின்றால் உணரலாம்.

1696இல் இங்கிலாந்தில் ஜன்னல் வரி வந்தது. ஓரங்களை வெட்டித் திருடிய வெள்ளி நாணயங்களால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டவே அதை விதித்தார்கள். அதே ஆண்டில், அந்நாணயங்களை உருக்கி மறுபடி வார்க்கும் பணி நடந்துகொண்டிருந்த அரசு நாணயச் சாலையில் நியூட்டன் பொறுப்பேற்றார். ஜன்னல் வரி 1851 வரை நீடித்தது.

மே 14

இன்று கீழறைக்கு மட்டும் போனேன். 2017இல் இங்குள்ள அடுப்பருகே, சுவரில் கீறிய காற்றாலைப் படம் ஒன்று கண்டறியப்பட்டது; சிறுவன் நியூட்டன் வரைந்ததாக இருக்கலாம் என்கிறார்கள். வெறும் கண்ணுக்கு அகப்படாத அந்தக் கீறலை, விளக்கைப் பல கோணங்களில் சாய்த்துப் பிடித்து எடுத்த படங்களை ஒன்றுசேர்த்தே வெளிக்கொணர்ந்தார்கள். நேரெதிரே நின்று பார்த்தபோது எனக்குப் பூச்சு மட்டுமே தெரிந்தது.