காணி விற்ற காசை வங்கியில் போடுவதற்கு முன்

கணக்குத் திறக்கும் படிவத்தில் மாதம் எவ்வளவு காசு வந்து போகும் என்று ஒரு கேள்வி இருக்கும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் சரி கொட்டாஞ்சேனையிலும் சரி, பெரும்பாலானவர்கள் அதில் வாய்க்கு வந்த தொகையை எழுதிவிடுவார்கள். ஐம்பதாயிரம் என்று எழுதிய கணக்கில் திடீரென எண்பது இலட்சம் விழுந்தால் வங்கியின் கணினி அதைத் தனியே பிரித்துக் காட்டும். காசு வருவதற்கு முன்பே கிளைக்குப் போய் அந்த விவரத்தைத் திருத்தினால் பாதித் தலையிடி குறையும்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, முகவரிக்கு அண்மைய மின்சார அல்லது தண்ணீர் பில், காணி உறுதியின் பிரதி, விற்பனை உடன்படிக்கை. உறுதியில் ஒரு எழுத்தும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துமாகப் பெயர் இருந்தால் சத்தியக் கடதாசி ஒன்றையும் முடித்து வைத்திருங்கள்.

உண்மையான சிக்கல் உறுதியில் எழுதிய விலையில்தான் கிடக்கிறது. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க எண்பதுக்கு விற்ற காணியை ஐம்பது என்று எழுதுவார்கள். தீர்வை கட்டுவது வாங்குபவர், மிச்சமும் அவருக்கே. மீதி முப்பது இலட்சம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும்போது முழிப்பது விற்றவர். அதற்கு எந்தக் கடதாசியும் காட்ட முடியாது. முழு விலையையும் எழுதி, வங்கி மூலமே வாங்குங்கள்.

பத்து இலட்சத்துக்கு மேல் கைக்காசாகப் போட்டால், 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை போகும். அது குற்றச்சாட்டல்ல, வழமை. அதற்குப் பயந்து காலையில் பம்பலப்பிட்டியில் ஒன்பதரை, மத்தியானம் கொள்ளுப்பிட்டியில் ஒன்பதரை என்று பிரித்துப் போடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். உங்களைப் பற்றி அந்தப் பிரிவுக்குச் சந்தேக அறிக்கை போனதா என்று வங்கி அதிகாரியிடம் கேட்டுப் பயனில்லை. சொல்ல அவருக்குச் சட்டப்படி தடை.

வங்கி வழியே இல்லாமல் ஆட்கள் மூலம் வெளிநாட்டிலிருந்து வரும் உண்டியல் காசு இன்னும் மோசம். லண்டனில் அண்ணா கொடுத்த பவுண் அங்கேயே நின்றுவிடும். இங்கே உங்கள் கணக்கில் ரூபாய் போடுபவர் முன்பின் தெரியாத ஆள். அந்த ரூபாய் போதைப்பொருள் விற்றதாகவும் இருக்கலாம், விசாரணை வந்தால் கணக்கு உங்கள் பெயரில்தான். கொமிஷனுக்குக் கணக்கை இன்னொருவரிடம் கொடுக்கும் பெடியன்களும் இதே வலையில்தான் விழுகிறார்கள். குற்றத்தில் வந்த காசை நல்ல காசாகக் காட்டும் பணம் தூயதாக்கல் குற்றத்துக்கு 5 முதல் 20 வருடம் வரை கடூழியச் சிறை உண்டு.

பணம் தூயதாக்கலைத் தடுப்பதில் குறைபாடுள்ள நாடுகளின் சர்வதேசச் சாம்பல் பட்டியலில் இலங்கை 2017 இல் விழுந்து 2019 இல்தான் வெளியே வந்தது. கிளைகளில் இப்போதுள்ள இறுக்கத்தை அதோடு சேர்த்துப் பாருங்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளையோடு சண்டை பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வங்கி இந்தப் பத்திரங்களை 6 வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் பிரதிகளையும் அதுவரை வீசாதீர்கள்.