குவாரிச் சுவரில் ஒரு கறுப்புப் பட்டை

வேலூரை ஒட்டிய கைவிடப்பட்ட கல்குவாரிக்குள் இன்று காலை இறங்கினேன்.

வெட்டுண்ட சுவரெங்கும் சாம்பலும் இளஞ்சிவப்புமாய் நெளியும் வரிகள். அவற்றைக் குறுக்கே அறுத்தபடி ஒரு கறுப்புப் பட்டை.

வரிகள், வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய நைஸ் (gneiss) பாறை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள்! கறுப்பு, டோலரைட், விரிசலில் பின்னாளில் ஏறி உறைந்த பாறைக்குழம்பு.

பட்டையின் ஓரத்தில் படிக மணிகள் கண்ணுக்கே தெரியவில்லை; நடுவில் பெரியவை. குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் சட்டென்று இறுகிவிட்டது. நடுப்பகுதிக்குத்தான் படிகம் வளர அவகாசம் கிடைத்திருக்கிறது.

வெடிவைத்துப் பிளக்காவிட்டால் இது வெளியே தெரிந்திருக்காது என்பதும் உண்மைதான்.

சென்னைப் பரங்கிமலையின் சார்னோகைட் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். இங்கோ ஒரு மூலையில் குப்பை விழத் தொடங்கிவிட்டது.

குழி மூடப்படுவதற்குள் இந்தச் சுவருக்காவது வேலி போடுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கட்டும்.