எடையைக் கேஷில் வையுங்கள், விலையை வேண்டாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்த வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். கடை கற்பனை, கணக்கு நிஜம். பட்டியலில் 6,000 மாடல் இருக்கிறது. வெளியூர்க் கடைக்காரர் மொபைலில் மாடல் நம்பரைத் தட்டினால் படம், ஜோடியின் எடை, டச் (நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி), கூலி, இன்றைய விலை எல்லாம் வர வேண்டும். ஒவ்வொரு தட்டலும் டேட்டாபேஸ் வரை போய் வர 40 மில்லி செகண்டு ஆகிறது. அதே முத்துக் கொலுசைக் காலையில் இருநூறு பேர் பார்த்தால், அதே பதிலை இருநூறு தடவை தேடுகிறோம். தேடியதை மெமரியில் போட்டு வைத்தால் வேலை மிச்சம். அப்படிப் போட்டு வைக்கும் இடம்தான் கேஷ் (cache), ரொக்கம் அல்ல. ஆனால் மெமரிக்கு அளவு உண்டு. அது நிரம்பியதும் எதை வெளியே தள்ளுவது? ரொம்ப நேரமாக யாரும் தொடாததை. எல்ஆர்யு (Least Recently Used) கேஷ் என்றால் இவ்வளவுதான்.

கேஷைக் கடை மேஜை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் மூன்று தட்டுக்குத்தான் இடம். 11, 24, 37 என்ற மாடல்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. இப்போது மறுபடி யாரோ 11-ஐக் கேட்கிறார். அது முன்னால் வருகிறது; வரிசை 11, 37, 24 என்று ஆகிறது. அடுத்து 52 வந்தால் கடைசியில் இருக்கும் 24 மேஜையை விட்டு வெளியே போகும். முதலில் வந்தது முதலில் போகட்டும் என்று வைத்திருந்தால் 11 போயிருக்கும். இப்போதுதானே அதைக் கேட்டார்கள்!

இதற்கு இரண்டு கட்டமைப்பு சேர வேண்டும். மாடல் நம்பரைச் சொன்னதும் இடத்தைக் காட்ட ஒரு டிக்‌ஷனரி. யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்ல இருபக்க இணைப்புப் பட்டியல். ஒருபக்க இணைப்பு போதாது. நடுவில் இருக்கும் 37-ஐக் கழற்றி முன்னால் கொண்டுவர, அதற்கு முந்தையவர் யார் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தலையிலிருந்து ஒவ்வொன்றாக நடந்து வர வேண்டியதுதான். இரண்டு பக்கமும் கை கோத்திருந்தால், 3 தட்டானாலும் 3 லட்சம் தட்டானாலும் வேலை ஒன்றே.

பைத்தானில் இதை நீங்களே கட்ட வேண்டாம். ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் எல்ஆர்யு_கேஷ் என்ற டெக்கரேட்டர் 3.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஃபங்ஷனின் தலையில் ஒரு வரி போட்டால் போதும். மேக்ஸ்சைஸ் (அதிகபட்ச அளவு) சொல்லாவிட்டால் 128. 'நன்' (None, அதாவது 'ஒன்றுமில்லை') என்று கொடுத்தால் எல்லையே கிடையாது; அப்புறம் அது எல்ஆர்யுவும் இல்லை, எதையும் வெளியே தள்ளாத குடோன்.

சுலபமாகத்தான் இருக்கிறது. அதனாலேயே தப்பும் சுலபமாக நடக்கிறது. அதில் முதலாவது இந்த வியாபாரத்துக்கென்றே அமைந்தது போல இருக்கும்.

விலையையும் சேர்த்துக் கேஷில் வைத்துவிடுவார்கள். ஜோடி 120 கிராம், 80 டச் என்றால் சுத்த வெள்ளி 96 கிராம். வெள்ளி கிராமுக்கு 2 ரூபாய் ஏறினால் ஜோடிக்கு 192 ரூபாய் வித்தியாசம். 50 ஜோடி ஆர்டரில் 9,600 ரூபாய். கேஷில் இருப்பதோ காலை ரேட்டில் போட்ட விலை. "கொஞ்ச நேரத்தில் பழையது தானாக வெளியே போய்விடும்" என்று நினைத்தால் நேர்மாறாக நடக்கும். அதிகம் விற்கும் மாடலைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கக் கேட்க அது முன்னாலேயே நிற்கிறது. ஆகவே வெளியே போகவே போகாது. யாரும் சீந்தாத மாடல்தான் வெளியே போய், திரும்பி வரும்போது சரியான விலையோடு வரும். எல்ஆர்யுவுக்கு இடம் போதுமா என்ற கவலை மட்டும்தான். பதில் பழசா, இன்னும் சரிதானா என்று அது பார்ப்பதே இல்லை.

அதனால் எடை, டச், கூலி, பட முகவரி இவற்றைக் கேஷில் வையுங்கள். ரேட்டைத் தனி மாறியில் வைத்து, பதில் அனுப்பும் நேரத்தில் பெருக்குங்கள். ஒரு பெருக்கலுக்கு ஆகும் நேரம் கணக்கிலேயே வராது.

படம், எடை போன்றவையும் எப்போதாவது மாறும். அதற்குக் காலக்கெடு வேண்டும். எல்ஆர்யு_கேஷில் அது கிடையாது. ஒரு குறுக்கு வழி உண்டு. இப்போதைய நேரத்தைச் செகண்டில் எடுத்து 300-ஆல் வகுத்து, ஈவை மட்டும் ஃபங்ஷனுக்கு இன்னொரு ஆர்க்யுமென்ட்டாகக் கொடுங்கள். கேஷ் ஒரு பதிலை அடையாளம் காண்பது ஆர்க்யுமென்ட்டுகளை வைத்து; அதுதான் கீ. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈவு மாறும், கீ மாறும், புதிதாகத் தேடும். பழைய கீயை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் அது தானாகப் பின்னால் போய் விழுந்துவிடும். இதிலும் சிக்கல் ஒன்று இருக்கிறது: ஐந்து நிமிடம் முடியும் அந்த நொடியில் எல்லா மாடலும் ஒரே சமயத்தில் காலாவதியாகி, டேட்டாபேஸ் மேல் கும்பலாகப் போய் விழும். மாடல் நம்பரின் ஹேஷை (அதிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்ணை) 300-ஆல் வகுத்த மீதியை, வகுப்பதற்கு முன் நேரத்தோடு கூட்டிவிட்டால் ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு நொடியில் மாறும்.

'இல்லை' என்ற பதிலையும் கவனியுங்கள். மாடல் டேட்டாபேஸில் இல்லாதபோது ஃபங்ஷன் 'நன்' திருப்பினால், அந்த 'நன்' கேஷில் ஏறிவிடும். மதியம் அந்த மாடலைப் பதிவேற்றிய பிறகும் கடைக்காரருக்கு 'இல்லை' என்றே காட்டும். 'நன்'னுக்குப் பதில் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுப்பினால் அது கேஷில் ஏறாது. இந்த இடத்தில் எக்செப்ஷன்தான் ஒழுங்கு.

பதிலாக லிஸ்ட்டையோ டிக்‌ஷனரியையோ திருப்பினால், வாங்கியவர் கையில் இருப்பது நகல் அல்ல, கேஷில் இருக்கும் அதே பொருள். சைஸ் பட்டியலில் அவர் 10.5 இன்ச்சைச் சேர்த்தால் அடுத்தவருக்கும் அது சேர்ந்தே போகும். மாற்ற முடியாத பட்டியலான டியூப்பிளாகத் திருப்புங்கள். ஆர்க்யுமென்ட்டிலும் லிஸ்ட் கூடாது. ஹேஷ் செய்ய முடியாது என்று உடனே எரர் வரும். அது நல்ல எரர், கண்ணில் படுகிறது. கண்ணில் படாதவைதான் படுத்தும். கிளாஸுக்குள் இருக்கும் மெத்தடுக்கு இந்த டெக்கரேட்டரைப் போட்டால், செல்ஃபும், அதாவது அந்த மெத்தடின் ஆப்ஜெக்ட்டும், கீயில் ஒரு பகுதி. அந்த ஆப்ஜெக்ட் கேஷில் இருக்கும் வரை மெமரியை விடாது. அசிங்க் ஃபங்ஷனுக்குப் போட்டால் பதில் கேஷில் ஏறாது, ஒரே ஒரு தடவைதான் ஓட்டக்கூடிய கொரூட்டீன்தான் ஏறும். இரண்டாவது தடவை அவெய்ட் செய்யும்போது எரர்.

கீயைச் சுத்தம் செய்வது சின்ன வேலைதான், ஆனால் பலன் பெரிது. 'கே-112', 'கே112', பின்னால் ஒரு ஸ்பேஸோடு 'கே112' மூன்றும் மனிதக் கண்ணுக்கு ஒரே கொலுசு, கேஷுக்கு மூன்று. கேஷுக்குள் நுழையும் முன்பே ஸ்பேஸ், கோடு, பெரிய எழுத்து சின்ன எழுத்து எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனி அளவு. கேட்டது கேஷிலேயே கிடைத்தால் ஹிட், டேட்டாபேஸ் வரை போக நேர்ந்தால் மிஸ். 90 சதவீத ஹிட்டுக்கும் 95 சதவீத ஹிட்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். மிஸ் பக்கம் பாருங்கள்: 10, 5. டேட்டாபேஸின் வேலை பாதி. 40 மில்லி செகண்டு கணக்கில் சராசரி 4-லிருந்து 2-க்கு இறங்குகிறது. ஹிட்டை விட்டுவிட்டு மிஸ்ஸைப் பார்த்து அளவு வைப்பதுதான் சரி.

எவ்வளவு வைத்தால் எவ்வளவு மிஸ் வரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மாட்சன் முதலான நான்கு ஆய்வாளர்கள் 1970-லேயே இதற்கு அழகான வழி சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார லாகிலிருந்து கேட்கப்பட்ட மாடல் நம்பர்களை வரிசையாக எடுங்கள். எல்லையில்லாத ஒரு எல்ஆர்யு பட்டியலில் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். நம்பர் வந்ததும் அதை முன்னால் கொண்டுவரும் முன், அது எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று குறியுங்கள். 700-ஆவது இடத்தில் இருந்தால், 700 அல்லது அதற்கு மேல் அளவுள்ள எந்தக் கேஷிலும் அது ஹிட், 699-ல் மிஸ். ஒரே ஓட்டத்தில் எல்லா அளவுக்கும் விடை கிடைத்துவிடும். இது எல்ஆர்யுவின் குணம்: பெரிய கேஷில் இருப்பவற்றில் சின்னக் கேஷில் இருப்பவை முழுதும் அடங்கும், ஆகவே அளவைக் கூட்டினால் மிஸ் அதிகமாகாது. முதலில் வந்தது முதலில் போகும் முறைக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

மேக்ஸ்சைஸ் எண்ணுவது என்ட்ரிகளை, பைட்டுகளை அல்ல. என்ட்ரிக்குள் 40 கேபி சின்னப் படத்தையும் திணித்து 2,000 வைத்தால் 80 எம்பி. பைத்தான் வெப் சர்வரான கூனிகார்னில் நான்கு ஒர்க்கர் (தனித்தனி ப்ராசஸ்) ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேஷ், 320 எம்பி. 1 ஜிபி சர்வரில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. படத்தை வெளியே வைத்து முகவரியை மட்டும் வைத்தால் என்ட்ரி சில நூறு பைட்டில் அடங்கும்.

ஓட ஆரம்பித்த பிறகு கேஷ்_இன்ஃபோவைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஹிட், மிஸ், மேக்ஸ்சைஸ், இப்போதைய அளவு என்று நான்கு எண் தரும். எத்தனை வெளியேறியது என்று நேராகச் சொல்லாது. கேஷைக் காலி செய்யாமல் இருந்தால், மிஸ்ஸில் இப்போதைய அளவைக் கழித்தால் ஏறக்குறைய அதுதான். இப்போதைய அளவு மேக்ஸ்சைஸைத் தொடவே இல்லையென்றால் இடம் அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள். தினமும் இரவு ஒன்பது மணிக்கு மேல் மிஸ் மட்டும் சரசரவென்று ஏறினால், ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் வேலையைக் காட்டுகிறது.

பெரும்பாலும் அது ஸ்டாக் சரிபார்ப்பாக இருக்கும். 6,000 மாடலையும் ஒருமுறை வரிசையாகத் தொடுகிறது. கேஷ் அளவு 2,000. முடியும்போது கேஷில் இருப்பவை கடைசி 2,000 மாடல்; நாளெல்லாம் சேர்த்த சூடான மாடல்களில் அந்த 2,000-க்குள் வராதது ஒன்றும் மிச்சமில்லை. மேஜைக் கணக்கில் பார்த்தால் இன்னும் கொடுமை. மூன்று தட்டு மேஜையில் 11, 24, 37, 52 என்று நான்கையும் சுற்றிச் சுற்றிக் கேளுங்கள். அடுத்து எது வரப்போகிறதோ, சரியாக அதைத்தான் ஒரு நொடி முன்னால் வெளியே தள்ளியிருக்கும். நாள் முழுக்கக் கேட்டாலும் ஒரு ஹிட்கூடக் கிடையாது.

பைத்தானில் மருந்து கையிலேயே இருக்கிறது: டெக்கரேட்டர் போட்ட ஃபங்ஷனில் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோட்டோடு 'ரேப்டு' (__wrapped__) என்ற பண்பு இருக்கும். அது கேஷ் இல்லாத பழைய ஃபங்ஷன். ஸ்கிரிப்ட் அதைக் கூப்பிடட்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபி இதே தொல்லைக்கு வேறு வழி வைத்திருக்கிறது: புதிதாக வரும் பக்கத்தை (டேட்டாவின் ஒரு துண்டை) தலையில் வைக்காமல், வாலிலிருந்து ஏறக்குறைய 3/8 தூரத்தில் வைக்கிறது. வந்த ஒரு செகண்டுக்குள் எத்தனை தடவை தொட்டாலும் முன்னால் ஏற்றாது.

அப்படியானால் அதிகம் கேட்டதை வைத்துக்கொள்ளும் எல்எஃப்யு மேல் இல்லையா என்றால், கொலுசுக்கு நான் எல்ஆர்யுவையே சொல்வேன். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணி முகூர்த்தம் தொடங்கியதும் கேட்கும் மாடல்கள் அடியோடு மாறும். பழைய எண்ணிக்கையைக் குறைக்காத எல்எஃப்யு, போன சீசனின் கனத்த கொலுசுகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஜாவாவில் லிங்க்டுஹேஷ்மேப்புக்கு மூன்றாவது ஆர்க்யுமென்ட் 'ட்ரூ' கொடுத்தால் எல்ஆர்யு வரிசை வரும். ஆனால் அதில் வெறும் 'கெட்' கூட வரிசையை மாற்றுகிறது. படிப்பதுதானே என்று ரீட் லாக் மட்டும் போட்டு நான்கு த்ரெட்டை விட்டால் இணைப்புகள் சிக்கிக்கொள்ளும். முழு லாக் போடுங்கள், அல்லது கஃபைன் லைப்ரரியை எடுங்கள்.

எல்ஆர்யு_கேஷில் ஒரே ஒரு மாடலை மட்டும் நீக்க வழியில்லை; காலி செய்தால் மொத்தமும் போகும். அதுவும் அந்த ஒர்க்கரில் மட்டும். மற்ற மூன்று ஒர்க்கரிலும் பழைய எடையே இருக்கும். எடையை அடிக்கடி திருத்தும் கடை என்றால், எல்லா ஒர்க்கரும் பகிர்ந்துகொள்ளும் தனி கேஷ் சர்வரான ரெடிஸுக்குப் போங்கள். அங்கே முதலில் மேக்ஸ்மெமரியை (மெமரி எல்லையை) வையுங்கள். 64 பிட் சர்வரில் அது வைக்காத வரை எல்லையில்லை. பிறகு எதை வெளியேற்றுவது என்று சொல்லும் பாலிசியை ஆல்கீஸ்-எல்ஆர்யு என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எதையும் வெளியேற்றாமல், நிரம்பியதும் எழுதுவதை மறுத்து எரர் தரும். காலக்கெடு உள்ள கீகளை மட்டும் வெளியேற்றும் வோலடைல்-எல்ஆர்யு வைத்துவிட்டுக் கீகளுக்குக் காலக்கெடு கொடுக்க மறந்தாலும் அதே கதிதான். இன்னொன்று, ரெடிஸ் மொத்த வரிசையையும் பார்ப்பதில்லை. வழக்கமாக ஐந்து கீயைப் பொறுக்கி அதில் பழையதைத் தள்ளும். மூன்று தட்டு மேஜையில் போட்ட கணக்கை அங்கே அச்சுப் பிசகாமல் எதிர்பார்க்க வேண்டாம்.