பதினொரு பெயர்கள்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள கிரேஸ் ரோடு கிரிக்கெட் மைதானத்தில், ஆட்ட நாட்களில் ஸ்கோர் அட்டை அச்சடித்துக் கொடுப்பது 1995 முதல் 2015 வரை என் வேலையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துக் கை கறுத்தவன் நான். கடல் கடந்து வந்த பிறகும் அதே தொழில்தான் சோறு போட்டது. நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு அந்த அட்டை வேலை கிடைத்திருந்ததால், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஆட்டம் நடக்கும் நாட்களில் என்னை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு கணினி, ஒரு நகலெடுக்கும் இயந்திரம், ஈரம் படாதபடி மேசைக்கு அடியில் அடுக்கிய காகிதக் கட்டுகள், ஆடுகளத்தில் பாதியை மட்டுமே காட்டும் ஒரு சன்னல். இவ்வளவுதான் அந்த அறை. ஆகையால் லெஸ்டர்ஷயர் கவுண்டி (மாவட்ட) அணியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நான் கண்ணால் பார்த்ததைவிடப் பெயர்களாகத் தட்டச்சு செய்ததே அதிகம்.

ஸ்கோர் அட்டையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும் தாள் அது. உள்ளூர் அணியின் பெயர்கள் ஒரு பக்கம், வந்த அணியின் பெயர்கள் மறுபக்கம், அணித்தலைவருக்கு நட்சத்திரக் குறி, விக்கெட் காப்பாளருக்குச் சிலுவை போன்ற ஒரு குறி. நாணயச் சுழற்சி முடிந்து அணிகள் உறுதியானதும் முதல் அச்சு, மதிய உணவுக்கு ஒன்று, தேநீருக்கு ஒன்று, மறுநாள் காலையில், முந்தைய நாளின் முழு விவரத்தோடு இன்னொன்று. மதிய இடைவேளை நாற்பது நிமிடம்தான். அதற்குள் ஸ்கோரர்களிடம் விவரம் வாங்கி, தட்டச்சு செய்து, கூட்டிப் பார்த்து, அச்சடித்து, இளஞ்சூட்டோடு விற்பவரிடம் சேர்க்க வேண்டும். உதிரி ஓட்டங்களையும் சேர்த்துக் கூட்டும்போது மொத்தம் ஒன்று குறைந்தால் போதும், ஓய்வுபெற்ற கணக்காசிரியர் எவராவது பத்து நிமிடத்துக்குள் பென்சிலும் கையுமாக என் கதவைத் தட்டுவார்.

1996 கோடையில் எனக்கு வேலை மிகச் சுலபமாக இருந்தது. விட்டேக்கர், வெல்ஸ், மேடி, ஸ்மித், ஹபீப், சிம்மன்ஸ், நிக்சன், மில்ன்ஸ், பார்சன்ஸ், பியர்சன், முல்லாலி என்று போன ஆட்டத்தின் கோப்பைத் திறந்து, எதிரணியை மட்டும் மாற்றி, ஒன்றிரண்டு இடங்களைத் திருத்தினால் அட்டை தயாராகிவிடும். அந்த ஆண்டு, கவுண்டிகள் நான்கு நாள் ஆட்டங்களாக ஆடும் சாம்பியன்ஷிப்பில் 17 ஆட்டங்களில் பத்தை வென்று, ஒன்றில் மட்டும் தோற்று, லெஸ்டர்ஷயர் பட்டம் வென்றது. களத்தில் இறங்கியதும் பதினொரு பேரும் தோளில் தோள் கோத்து வட்டமாகக் குனிந்து நிற்பார்கள்; இன்று எல்லா அணிகளும் செய்கிற இதை அப்போது வேடிக்கையாகப் பார்த்தவர்களே அதிகம். என் பாதிச் சன்னலில் அந்த வட்டம் மட்டும் முழுதாகத் தெரியும். 1998 இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், கடைசி ஆட்டத்தில் சர்ரே அணியை அவர்களுடைய ஓவல் மைதானத்திலேயே வீழ்த்தி, மறுபடியும் பட்டத்தைக் கொண்டு வந்தார்கள்.

அந்தப் பெயர்களைப் பற்றி எனக்கு விளக்கியவர் ஒரு முதிய உறுப்பினர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு அட்டை வாங்குவார். ஒன்றில் பென்சிலால் தானே ஸ்கோர் எழுதிக்கொள்வார், மற்றதை மடிக்காமல் வீட்டிலுள்ள பிஸ்கட் டின்னுக்குக் கொண்டுபோவார். அவர் இளைஞராக இருந்தபோது பட்டியலின் அடியில் கிடப்பதே லெஸ்டர்ஷயருக்கு வழக்கமாம். 1966 இல் கிளப் இந்த மைதானத்தைச் சொந்தமாக வாங்கியதையும், செயலாளர் மைக் டர்னர் அங்குமிங்கும் தேடி ஆள் சேர்த்ததையும், ஒப்பந்தத் தகராறில் யார்க்‌ஷயரை விட்ட ரே இல்லிங்வொர்த் 1969 இல் இங்கே அணித்தலைவராக வந்ததையும், 1975 இல் முதல் சாம்பியன்ஷிப் கிடைத்ததையும் அவர் நேற்று நடந்ததுபோல் சொல்லுவார். அதன் பிறகு என் கையிலிருந்த அட்டையை வாங்கி, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்தினார். மில்ன்ஸ் நாட்டிங்காம்ஷயரிலிருந்து வந்தவர், வெல்ஸ் கென்ட்டிலிருந்து, பியர்சன் வார்விக்‌ஷயரிலிருந்து, முல்லாலி ஹாம்ப்‌ஷயரிலிருந்து. வேறு இடங்களில் வாய்ப்பு அமையாதவர்கள் இங்கே வந்து நிலைத்தார்கள் என்றார். வேறொரு நாட்டிலிருந்து வந்து இந்த ஊரில் ஒண்டிக்கொண்ட எனக்கு, அந்த அணியின் மேல் ஒட்டுதல் உண்டானது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வீழ்ச்சி எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால், தோல்விகளை வைத்து என்னால் சொல்ல முடியாது. அட்டையை வைத்துச் சொல்வதானால் 2000 ஆம் ஆண்டு என்பேன். முல்லாலி ஹாம்ப்‌ஷயருக்கும், மில்ன்ஸ் நாட்டிங்காம்ஷயருக்கும், நிக்சன் கென்ட்டுக்கும் போயிருந்தார்கள். ஹபீபும் பென் ஸ்மித்தும் 2002 க்குள் வேறு அணிகளில் இருந்தார்கள். வீரர்கள் அணி மாறுவது புதிதல்ல. ஆனால் 18 கவுண்டிகளும் ஒரே பட்டியலில் ஆடிய காலம் அந்த ஆண்டுதான் முடிந்து, சாம்பியன்ஷிப் இரண்டு பிரிவுகளாகப் பிரிந்தது. அதுவரை லெஸ்டரில் ஆடுகிறவனும் லண்டனில் ஆடுகிறவனும் ஒரே எதிரணிகளைச் சந்தித்தார்கள். லெஸ்டரில் இருப்பதால் ஒருவனுக்குக் கூலி குறையலாம். ஆட்டத்தின் தரம் குறையாது. பிரிவுகள் வந்த பிறகு, இங்கிலாந்து அணியில் இடம் தேடுகிற இளைஞன் முதல் பிரிவில் ஆட விரும்புவது நியாயமான கணக்காகிவிட்டது. அந்தக் கணக்கில் லெஸ்டர்ஷயர் கழித்தல் பக்கம் விழ, அணி ஒருமுறை கீழே இறங்கினால் போதுமானதாக இருந்தது.

அந்த இறக்கம் 2003 இல் நேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு வீரேந்தர் ஷேவாக்கின் பெயரை நான் அச்சடித்தேன். 2000 இல் அனில் கும்ப்ளே ஆடியபோதும் நம்மவர்கள் வந்தார்கள். ஷேவாக்குக்கு இன்னும் அதிகமாக வந்தார்கள். குஜராத்திக் குடும்பங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு புல்தரையில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், மதிய அட்டையை இரண்டாம் முறை ஓட்ட வேண்டி வந்தது. அட்டை விற்றது, அணி பட்டியலின் அடியில் முடிந்து இரண்டாம் பிரிவுக்குப் போனது.

அடுத்து வந்தது கோல்பாக் காலம். கோல்பாக் என்ற ஸ்லோவாக்கிய ஹேண்ட்பால் வீரரின் வழக்கில் 2003 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தென்னாப்பிரிக்கர்கள் வெளிநாட்டு வீரர் என்ற கணக்கில் சேராமலேயே கவுண்டிகளில் ஆட வழி திறந்தது. அந்த வழியாக முதலில் வந்தவர் 2004 இல் லெஸ்டர்ஷயரில் சேர்ந்த சுழற்பந்து வீச்சாளர் கிளாட் ஹெண்டர்சன். அவர் பல ஆண்டுகள் தங்கி உழைத்தார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்நியப் பெயர்கள் பெருகிவிட்டன என்று மைதானத்தில் சிலர் முணுமுணுத்தபோது, என் பெயரையே சரியாக உச்சரிக்க முடியாதவர்களிடம் நான் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். என்னை உறுத்தியது அந்நியப் பெயர்கள் அல்ல, ஒரு கோடைக்குமேல் நிலைக்காத பெயர்கள். போன ஆட்டத்தின் கோப்பைத் திறந்து எதிரணியை மட்டும் மாற்றுகிற பழக்கம் போய், இரண்டு பக்கத்தையும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில் கோப்பைகள் வராமல் இல்லை. இருபது ஓவர் கோப்பையை 2004, 2006, 2011 என்று மூன்று முறை வென்ற அணி இது. மூன்று மணி நேர ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் போதும். நான்கு நாள் ஆட்டங்களை ஒரு கோடை முழுவதும் தாங்க ஆழமான ஆள் பலம் வேண்டும். 2011 ஆகஸ்டில் எட்ஜ்பாஸ்டனில் சாமர்செட்டை வென்று கோப்பையோடு திரும்பிய அதே அணி, சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் பிரிவின் கடைசி இடத்தில் அந்த ஆண்டை முடித்தது. கென்ட்டிலிருந்து திரும்பி வந்திருந்த பால் நிக்சன் அதோடு ஓய்வு பெற்றார். 1996 இல் நான் கோத்த பெயர்களில் கடைசியாக மிஞ்சியிருந்தது அவருடையதுதான்.

இளைஞர்களை உருவாக்கத் தெரியாத கிளப் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்டூவர்ட் பிராட் இங்கே ஆடத் தொடங்கியவர்தான். 2007 பருவம் முடிந்ததும் நாட்டிங்காம்ஷயருக்குப் போனார். 2011 க்குப் பிறகு ஜேம்ஸ் டெய்லரும் ஹாரி கர்னியும் அதே இடத்துக்குப் போனார்கள். நாட்டிங்காம்ஷயரின் மைதானமான டிரென்ட் பிரிட்ஜ் லெஸ்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். அது டெஸ்ட் ஆட்டங்கள் நடக்கும் மைதானம், அணியும் அப்போது முதல் பிரிவில். பிற இடங்களில் வேர் பிடிக்காதவர்கள் வந்து நிலைத்த இடம், வேர் பிடித்ததும் புறப்பட்டுப் போகிறவர்களின் இடமாக மாறியிருந்தது. அந்தப் பெயர்கள் சில சமயம் திரும்பியும் வரும், அட்டையின் மறுபக்கத்தில்.

என் தொழில் வாழ்வில் நான் செய்த மிக வெட்கமான பிழை இதை ஒட்டியதுதான். 2012 இன் முதல் அட்டைக்கு, நேரமில்லாத அவசரத்தில் பழைய வழக்கப்படி முந்தைய பருவத்தின் கோப்பைத் திறந்து திருத்தினேன். டெய்லரின் பெயர் அவருடைய பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அச்சடித்த கட்டில் கொஞ்சம் விற்றும் போய்விட்டது. கதவு தட்டப்பட்டபோது, வழக்கமான கணக்காசிரியர் என்று நினைத்தேன். நின்றது அந்த முதிய உறுப்பினர். பிழையைக் காட்டினார். மன்னிப்புக் கேட்டு, திருத்திய அட்டை இரண்டு நிமிடத்தில் தருகிறேன் என்றேன். “வேண்டாம், இது அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லி, அதை மடிக்காமல் உறைக்குள் வைத்துக்கொண்டார். திருத்திய அட்டையையும் வாங்கிக்கொண்டார், காசு கொடுத்தே.

யார் மேல் குற்றம் என்று மைதானத்தில் பேசாத நாள் இல்லை. 2010 இல் அணித்தலைவர் மேத்யூ ஹாகார்டும் பயிற்சியாளர் டிம் பூனும் கிளப்பின் தலைவர் விலக வேண்டுமென்று கேட்டது செய்தித்தாள்களில் வந்தது. அந்த ஆண்டிலேயே அவர் விலகினார். பணமில்லை என்பதே பெரும்பாலானவர்களின் பதில். அதில் உண்மை உண்டு. ஆடவர் டெஸ்ட் ஆட்டம் நடக்காத, பெரிய நகரங்களின் வருமானம் இல்லாத ஒரு கவுண்டி, கிரிக்கெட் வாரியம் பகிர்ந்தளிக்கும் தொகையை நம்பித்தான் காலம் தள்ள வேண்டும். ஆனால் 1996 இலும் கையில் பணம் புரளவில்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன். அன்றும் கூரை ஒழுகியது, அன்றும் காகிதத்தை மேசைக்கு அடியில்தான் வைத்தேன். குறைந்த பணத்தில் ஓர் அணியைச் சேர்த்து, அதைக் கலையாமல் ஐந்தாறு ஆண்டு வைத்திருக்க அன்று முடிந்தது. புதிய ஏற்பாட்டில் சேர்ப்பது முடிந்தது, வைத்திருப்பது முடியவில்லை.

2013 பருவம் முழுவதும் சாம்பியன்ஷிப்பில் ஒரு வெற்றி கூட இல்லை. 2014 இலும் இல்லை. அந்த இரண்டு கோடைகளிலும் அறையில் ஒரு விதமான அமைதி இருந்தது. அச்சடிக்கும் எண்ணிக்கையை ஒவ்வொரு மாதமும் குறைத்தேன்; கைப்பேசியில் ஸ்கோர் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டதால் அதற்குத் தோல்வியை மட்டும் காரணம் சொல்வது சரியாகாது. மழையால் ஓர் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தால் கை தட்டினார்கள். முதியவர் மட்டும் நிதானமாக இருந்தார். நார்தாம்ப்டன்ஷயர் 1935 மே முதல் 1939 மே வரை 99 ஆட்டங்கள் வெல்லாமல் இருந்ததை நினைவூட்டி, நாம் இன்னும் பாதிகூட வரவில்லை என்பார். இதை ஆறுதலாகச் சொல்கிறாரா, கேலியாகச் சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

2015 ஜூன் 3 அன்று அந்தத் தொடர் முடிந்தது. 992 நாட்களுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. ஆனால் அது கிடைத்தது எசெக்ஸ் அணியின் செம்ஸ்ஃபோர்ட் மைதானத்தில். இரண்டு பட்டங்களுக்கும் அத்தனை தோல்விகளுக்கும் அட்டை அடித்த என் இயந்திரம் அன்று துணி போர்த்திக் கிடந்தது. நான் அச்சகத்தில் ஒரு திருமண அழைப்பிதழின் மூலைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது, வானொலியில் கேட்டேன்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்தன்று கதவு தட்டப்பட்டது. முதியவர் செம்ஸ்ஃபோர்டுக்கே போய்விட்டு வந்திருக்கிறார். உறையிலிருந்து அந்த மைதானத்தின் அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மதிய உணவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மார்க் காஸ்குரோவ் பெயருக்கு அருகே நட்சத்திரக் குறியிலிருந்து தொடங்கி, பதினொரு பெயர்களையும் எழுத்தெழுத்தாகப் படித்தேன். பிறகு ஓட்டங்களைக் கூட்டினேன், உதிரிகளைச் சேர்த்தேன். பிழை ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டு, அன்றைய அட்டை இரண்டு கேட்டார்.