ஆர்கன் மாடிச் சாவி கையில் இல்லாமல் திருப்பலி இசையைத் திருத்தாதீர்கள்

பங்குத் திருவிழாவுக்காக, முன்பு நான் எழுதிய இலத்தீன் திருப்பலி இசையை நாலு குரலுக்கும் பைப் ஆர்கனுக்குமாகத் திருத்தி, போன ஞாயிறு பாடியும் விட்டோம். இப்போதுதான் மூச்சு வருகிறது. கீரியே, ஆக்னுஸ் என்ற பாடல்கள் இரண்டிலும் பெரிய வேலை இல்லை. அலைய விட்டது ஆர்கன் பகுதிதான்.

பழைய பிரதி கீபோர்டுக்கு எழுதியது. இடது கை தாவித் தாவி அடிக்கும், சஸ்டெயின் பெடல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பைப் ஆர்கனில் அது கிடையாது. விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடும். அதனால் அடிச் சுரங்களைக் காலால் மிதித்து வாசிக்கும் கால்கட்டைக்கு மாற்றி, நடுச் சுரங்களை நீட்டினேன். கால்பகுதியில் 16 அடி ஸ்டாப்பை (ஒரு குழாய் வரிசையை ஒலிக்க விடும் குமிழ்) இழுத்தால் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். இடது கையிலும் தாழ்ந்த சுரக் கொத்து (கார்டு) வைத்தால் பேஸ் என்ற தாழ்குரல் பாடுபவர்கள் காணாமல் போவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இது தெரியாது. ஒருவர் ஆர்கன் இருக்கும் மாடியில் வாசிக்க, நீங்கள் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

கேட்கப் போனால் மாடிச் சாவி இல்லை. அலுவலகத்தில், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைக் கை காட்டினார்கள். அவரோ, "ஃபாதர் எழுதித் தரணும்" என்றார். ஃபாதர் வெளியூரில். ஆர்கன் வாசிப்பவர் அதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார், அந்தச் சாயங்காலம் அப்படியே போனது. கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கால்கட்டை எதுவரை போகிறது என்றும் பார்த்துவிடுங்கள். எங்களுடையதில் 30 கட்டை, மேலே எஃப் சுரத்துடன் முடிகிறது. 32 இருந்தால்தான் ஜி கிடைக்கும்.

சாங்துஸில், அதாவது 'தூயவர்' பாடலில், மக்களும் பாட வேண்டும் என்று பங்குத்தந்தை சொன்னது நியாயம். அதை மக்கள் குருவோடு சேர்ந்து பாடுவதே முறை என்று 1967-இல் வத்திக்கானிலிருந்து வந்த திருஇசை அறிக்கை சொல்கிறது. பழைய வழக்கப்படி அதன் பின்பகுதியான பெனெதிக்துஸைத் தனியாகப் பிரித்து, நடுவே ஆர்கன் இசை வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக்கி, மெட்டை மேல் டி தாண்டாமல் இறக்கினேன். நாலு குரல் ஹோசன்னாவில் மட்டும். மனசே வராமல் செய்த மாற்றம், ஆனால் முழுத் திருப்பலியிலும் நன்றாக எடுபட்டது அதுதான்.

ஜெராக்ஸ் கடையில்தான் உச்சகட்டம். ஆர்கன் பிரதியில் வலது கை, இடது கை, கால் என்று மூன்று வரி. பெரிய தாளை ஏ4-இல் அடக்காமல் அப்படியே ஓட்டிவிட்டார்கள்; எல்லாப் பக்கத்திலும் அடியில் இருந்த கால் வரி அறுந்துபோய்விட்டது. கடைசி ஒத்திகையில்தான் கண்ணில் பட்டது. பையில் மூலப்பிரதி இருந்ததால் தப்பித்தோம். காசு கொடுக்குமுன் முதல் பக்கத்தின் அடியைப் பாருங்கள்.

அப்புறம், பாடகர்களின் ஃபைல்களிலிருந்து பழைய தாளை நீங்களே உருவிவிடுங்கள். இடையிசையை வெட்டியதில் பார் (தாளக் கட்டம்) எண்கள் மாறிவிட்டன. "பார் 40" என்றால் ஆல்ட்டோ ஓரிடத்தில், டெனர் வேறிடத்தில் நின்றார்கள். புதுப் பிரதியை மஞ்சள் தாளில் எடுத்த பிறகே ஒத்திகை ஓடியது.